கேன்சர் சிகிச்சை முடித்தவர்களுக்கு வீடியோ கால் வகுப்பு: தொடங்குவது எப்படி?

சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடித்து ஆரணிக்கோ அரியலூருக்கோ திரும்பியவர்களுக்கு அடுத்த செக்கப் வரை மனம்விட்டுப் பேசக்கூட ஆள் கிடைப்பதில்லை. சென்னையிலேயே இருந்தாலும், கீமோ அசதியோடு அம்பத்தூரிலிருந்து பஸ் ஏறி வாருங்கள் என்று சொல்ல மனம் வராது. வீட்டிலிருந்தபடியே வாரம் ஒருமுறை, லேசான உடற்பயிற்சியும் பேச்சுமாக ஒரு வகுப்பு நடத்தலாம்.

முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பிடியுங்கள். யூடியூப் வீடியோவை ஓடவிட்டு எல்லோரையும் செய்யச் சொல்வது ஆபத்து. எட்டுப் பேர் போதும், அதற்கு மேல் போனால் யார் தடுமாறுகிறார்கள் என்று திரையில் தெரியாது.

அடுத்து ஒவ்வொருவரிடமும் தனியாகப் போனில் பேசுங்கள், இதில் அவசரமே வேண்டாம். டாக்டர் உடற்பயிற்சிக்குச் சரி சொன்னாரா? மார்பக ஆபரேஷனில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர் என்றால் கை வீங்குகிறதா, கனக்கிறதா? கீமோவால் பாதம் மரத்திருந்தால் நாற்காலியில் உட்கார்ந்தே செய்யட்டும். நோய் எலும்புக்குப் பரவியிருந்தால், டாக்டர் சொல்லாமல் குனிவதும் உடம்பை முறுக்குவதும் கூடாது. எலும்பு முறிந்துவிடலாம். அப்புறம் முகவரி, பக்கத்தில் இருப்பவரின் நம்பர். இதை வாராவாரம் கேளுங்கள், ஏனென்றால் போன வாரம் வீட்டில் இருந்தவர் இந்த வாரம் மகள் வீட்டில் இருப்பார், மயங்கி விழுந்தால் 108-க்கு எந்தத் தெருவைச் சொல்வீர்கள்?

ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கால் முடிந்துவிடும். ஒருவர் அழுதுகொண்டே பேசும்போது இணைப்பு அறுந்தால் கொடுமை. கூகுள் மீட்டில் குழுவுக்கு ஒரு மணி நேரம் இலவசம், அது போதும். முந்தின நாளே ஒரு டிரையல் வையுங்கள். போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து, தலையிலிருந்து பாதம் வரை தெரிகிறதா என்று பார்த்து, பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடச் சொல்லுங்கள்.

வகுப்பில் பாதி நேரம் பயிற்சி. செய்யும்போது பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கலாம். வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் மிதமான பயிற்சி செய்தால் அசதியும் பதற்றமும் குறையும் என்பது 2019-ல் வந்த சர்வதேசப் பரிந்துரை. ஆகவே மற்ற நாட்களில் மொட்டை மாடியில் நடக்கட்டும், எடுத்த எடுப்பில் அரை மணி நேரம் முடியாது, பத்து நிமிடத்தில் தொடங்கலாம்.

மீதி நேரம் பேச்சுக்கு, அதை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். வியாதியைப் பெண் வீட்டாருக்கோ பக்கத்து வீட்டுக்கோ சொல்லாதவர்கள் குழுவில் இருப்பார்கள். அதனால் ரெக்கார்டிங் கிடையாது, ஸ்கிரீன்ஷாட் கிடையாது, எல்லோருக்கும் ஹெட்போன். யாராவது மூலிகைக் கஷாயம் சிபாரிசு செய்தால், டாக்டரைக் கேட்காமல் யாரும் குடிக்கக்கூடாது என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் வகுப்பு முடிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு நீங்களும் கூடவே இருந்து பேசவைத்து, வீட்டில் ஒருவருக்கும் அவருடைய டாக்டருக்கும் அன்றைக்கே தகவல் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.