லே, ஜெய்சால்மர், கொச்சி: மூன்று தட்பவெப்பங்களுக்கு ஒரே பை

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் லடாக்கின் லே நகரில் இரவு உறைநிலையை ஒட்டிக் குளிர்ந்திருக்கும். அதே வாரத்தில் ராஜஸ்தான் பாலைவன ஊரான ஜெய்சால்மரில் நண்பகல் வெயில் 35 டிகிரியைத் தொடும். கொச்சியில் மாலையானால் இடியுடன் மழை கொட்டும். இந்த மூன்று ஊர்களையும் பன்னிரண்டு நாட்களில் ஒரே சுற்றாகப் பார்க்க விரும்பும் புதியவர் ஒருவர், பெரும்பாலும் ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியே துணிகளை எடுத்து வைத்துவிட்டு, கடைசி இரவில் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருப்பார். இந்தியா முழுவதற்கும் பொருந்தும் பயணப் பட்டியல் என்று ஒன்று கிடையாது என்பதால், பட்டியலைத் தேடாமல் அதை நாமே உருவாக்கும் முறையை, இந்த மூன்று ஊர்களையே எடுத்துக்காட்டாக வைத்துக் கீழே விளக்குகிறேன்.

படி 1: மாதத்தைப் பார்க்காமல் எண்களைப் பாருங்கள்

ஒரு தாளில் ஊர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை, பகலின் அதிகபட்ச வெப்பநிலை, அந்த மாதத்தின் சராசரி மழை நாட்கள் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் முக்கிய நகரங்களுக்கான நீண்டகாலச் சராசரிகள் கிடைக்கின்றன. பகலையும் இரவையும் கூட்டி இரண்டால் வகுத்த சராசரி வெப்பநிலை இதற்கு உதவாது. பாலைவனத்தில் பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி வேறுபாடு இருப்பது சாதாரணம், அந்த வேறுபாட்டைத்தான் சராசரி மறைத்துவிடுகிறது.

மலைப் பயணமாக இருந்தால் நான்காவதாக உயரத்தையும் எழுத வேண்டும். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறைகிறது. லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு பகல் நேரப் பயணமாகப் போகும் கர்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கும் மேல். ஆகவே லேயில் 12 டிகிரி வெயிலில் சுகமாக நின்று புறப்படுபவர், இரண்டு மணி நேரத்தில் பூஜ்யம் டிகிரியில், அதுவும் பலத்த காற்றில் இறங்குகிறார்.

மழையைப் பொறுத்தவரை, ‘மழைக்காலம் எப்போது?’ என்ற கேள்விக்கு இந்த நாட்டில் ஒரே விடை இல்லை. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் தொடங்கி, ஜூலை முதல் பாதிக்குள் நாடு முழுவதும் பரவி, செப்டம்பர் நடுவில் மேற்கு ராஜஸ்தானிலிருந்து விலகத் தொடங்குகிறது. இமயமலையின் மழை மறைவில் இருக்கும் லடாக்கை அது பெரும்பாலும் எட்டுவதே இல்லை. வடக்கே வானம் தெளிந்த அக்டோபரில்தான் தெற்கே வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது.

படி 2: ஊர்களின் வரிசையை முடிவு செய்யுங்கள்

இந்த எடுத்துக்காட்டில் லேயை முதலில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குக் காரணம் குளிர் மட்டுமன்று. லேக்குச் செல்லும் விமானங்கள் பெரும்பாலும் காலை நேரத்திலேயே இயங்குகின்றன. பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று வலுப்பதால், காலையில் வானிலை கெட்டு ஒரு விமானம் ரத்தானால் அன்றைய நாள் போய்விட்டதென்றே கொள்ளலாம். பயணத்தின் தொடக்கத்தில் இழக்கும் ஒரு நாளைப் பின்னால் வரும் ஊர்களில் குறைத்துச் சரிக்கட்ட முடியும். கடைசியில் இழந்தால் வீடு திரும்பும் டிக்கெட்டே வீணாகும். அதே காரணத்துக்காக, லேயிலிருந்து திரும்பும் நாளிலேயே டெல்லியில் வேறு ரயிலைப் பிடிக்கும்படி திட்டமிடாமல், நடுவே ஓர் இரவை விட்டுவிடுங்கள். ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாட்கள் முன்னதாகத் தொடங்குவதால், இந்த வரிசையை அதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

விமானத்தில் நேரே 3,500 மீட்டருக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே முதல் 48 மணி நேரம் ஓய்வுக்கு உரியது. அந்த இரண்டு நாட்களில் கணவாய் எதையும் திட்டத்தில் சேர்க்கக் கூடாது. இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

படி 3: இரண்டு ஊர்களுக்கு உதவாத துணியை எடுக்காதீர்கள்

பெட்டி நிறைவதற்குக் காரணம் குளிர் அன்று. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்ற எண்ணம். அதைத் தடுக்க நான் ஒரே ஒரு விதியைப் பின்பற்றுகிறேன்: ஒரு துணி குறைந்தது இரண்டு ஊர்களிலாவது பயன்பட வேண்டும். மெல்லிய முழுக்கைச் சட்டை ஜெய்சால்மரில் வெயிலிலிருந்து கைகளைக் காக்கும், லேயில் கம்பளிக்கு உள்ளே அடியடுக்காக இருக்கும். நீர் புகாத மெல்லிய மேல்சட்டை கொச்சியில் மழைக்கோட்டு, கணவாயில் காற்றுத் தடுப்பு. இந்த விதியிலிருந்து விலக்கு பெறுபவை தெர்மல் உள்ளாடை, இறகு அடைத்த ஜாக்கெட், கையுறை, கம்பளிக் குல்லா ஆகியவை மட்டுமே.

குளிருக்குத் தடித்த ஒரே கோட்டைவிட, மெல்லிய பல அடுக்குகளே ஏற்றவை. அடுக்குகளுக்கு இடையே சிக்கும் காற்றுதான் உடல் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் கழற்றவும் முடிகிறது. தோலை ஒட்டிய அடுக்கு மட்டும் பருத்தியாக இருக்க வேண்டாம். வியர்வையில் நனைந்த பருத்தி எளிதில் உலராமல், மலைக் காற்றில் முதுகில் ஈரத்துணி போட்டதுபோல் குளிர்விக்கும்.

ஒவ்வொரு துணிக்கும் இன்னொரு சோதனை உண்டு. வீட்டில் இரவு எட்டு மணிக்கு அதைத் துவைத்து, பிழிந்து, மின்விசிறிக்குக் கீழே கொடியில் போடுங்கள். காலை ஆறு மணிக்குக் காய்ந்திருந்தால் அது பைக்குள் வரலாம். ஜீன்ஸ் இந்தச் சோதனையில் தேறாது. கொச்சியின் ஈரக்காற்றில் அதன் இடுப்புப்பட்டி இரண்டாம் நாளும் சில்லென்றே இருக்கும். தேங்காய்ப்பூத் துண்டும் தேறாது. ஓர் ஈரிழைத் துண்டு போதும். இப்படி வடிகட்டியபின், மூன்று முழுக்கைச் சட்டைகள், ஓர் அரைக்கைச் சட்டை, இரண்டு கால்சட்டைகள், ஐந்து உள்ளாடைகள், ஒரு கம்பளி ஜோடி உட்பட நான்கு ஜோடி காலுறைகள், ஒரு ஷூ, ஒரு செருப்பு ஆகியவையே பன்னிரண்டு நாட்களுக்குப் போதும்.

படி 4: அடுக்கும் முறை

உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்குப் பெரும்பாலும் கைப்பையில் 7 கிலோவும் ஒப்படைக்கும் பெட்டியில் 15 கிலோவும் அனுமதி. ஆனால் மொத்தம் 10 கிலோவை இலக்காக வையுங்கள், லேயில் மாடிப்படி ஏறும்போது அதன் அருமை தெரியும். கடைசியாகத் தேவைப்படும் கொச்சித் துணிகளைச் சுருட்டி அடியில் வைத்து, நடுவில் ஜெய்சால்மர் துணிகள், மேலே குளிர் உடைகள் என்று அடுக்குங்கள். ஷூவுக்குள் காலுறைகளைத் திணியுங்கள். ஈரத்துணிக்கென ஒரு தனிப் பை இருக்கட்டும்.

கிரீம், ஷாம்பு குழாய்களில் உள்ள காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். லேயில் முதல் நாள் என் சன்ஸ்கிரீன் குழாயை நான் திறந்தபோது, உள்ளே அடைபட்டிருந்த காற்று குறைந்த அழுத்தத்தில் விரிந்து, கால் பங்கு கிரீமைச் சட்டையின் மேலேயே பீய்ச்சியடித்தது. கடையில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் தலையணைபோல் உப்பியிருந்ததைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்; ஒப்படைக்கும் பெட்டியில் வைத்தால் பரிசோதனையில் எடுத்துவிடுவார்கள். 20,000 எம்ஏஎச் கொண்டது சுமார் 74 வாட்-மணி. தனி அனுமதி தேவைப்படாத 100 வாட்-மணி வரம்புக்குள் அது அடங்குகிறது. குளிரில் மின்கலம் சீக்கிரம் சோர்ந்துவிடுமாதலால், லேயில் இரவு அதைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: காகிதங்களும் கைபேசியும்

பிற மாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் இயங்காது. போஸ்ட்பெய்ட் இணைப்பு ஒன்றாவது குழுவில் இருக்க வேண்டும். டிக்கெட், அடையாள அட்டை, விடுதி முகவரி ஆகியவற்றைக் காகிதத்திலும் வைத்திருங்கள். இதே முறையில் வேறு பயணம் திட்டமிடுபவர்கள், அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் ஆகிய மாநிலங்களுக்கு இன்னர் லைன் பெர்மிட் என்னும் நுழைவு அனுமதி தேவை என்பதையும், நாடு முழுவதற்கும் ஒரே கடிகார நேரம் என்பதால் டிசம்பரில் அங்கே மாலை நாலரை வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

படி 6: வழியில் பையை மாற்றியமையுங்கள்

லேயிலிருந்து டெல்லி வந்து தங்கும் அந்த ஓர் இரவில் பையை முழுவதும் கொட்டி மீண்டும் அடுக்குங்கள். தெர்மல், ஜாக்கெட், கையுறை மூன்றும் இனித் தேவைப்படாது. அவற்றைத் துணியில் கட்டி ஸ்பீடு போஸ்ட்டில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். திரும்பும் வழியும் டெல்லி என்றால் ரயில் நிலையப் பொருள் பாதுகாப்பு அறையில் ஒப்படைக்கலாம். பூட்டுப் போடாத பையை அங்கே வாங்க மாட்டார்கள் என்பதால், ஒரு சிறு பூட்டையும் மடிக்கக்கூடிய துணிப்பை ஒன்றையும் புறப்படும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.