என்க்ளெக்ஸுக்குப் படிக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

அமெரிக்காவில் நர்ஸாக வேலை செய்ய உரிமம் பெற எழுதும் தேர்வுதான் என்க்ளெக்ஸ். அதில் வருவது போன்ற ஒரு கேள்வி: நான்கு நோயாளிகள் இருக்கிறார்கள். ஒருவருக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), ஆக்சிஜன் அளவு 90 சதவீதம். இன்னொருவருக்கு வயிற்று ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், வலி பத்துக்கு எட்டு என்கிறார். மூன்றாமவருக்கு சர்க்கரை 240. நான்காமவருக்கு நேற்று தைராய்டு ஆபரேஷன். உதட்டைச் சுற்றி மதமதவென்று இருக்கிறது என்கிறார். முதலில் யாரைப் போய்ப் பார்ப்பீர்கள்?

நம்மில் பலர் வலிக்காரரிடம் போவோம். வார்டிலும் அப்படித்தானே, சத்தம் போடுகிறவருக்குத்தான் முதல் கவனிப்பு. ஆனால் விடை நான்காமவர். தைராய்டை எடுக்கும்போது அதன் பின்னால் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அடிபட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கும். உதட்டு மதமதப்பு அதன் ஆரம்ப அறிகுறி. அப்படியே விட்டால் குரல்வளை இறுகி மூச்சே அடைத்துக்கொள்ளலாம். சிஓபிடிக்காரருக்கு 90 என்பது எதிர்பார்த்த அளவுதான். பொதுவாக 88 முதல் 92 வரை இருந்தால் போதும். ஆபரேஷன் ஆன இரண்டாம் நாள் வலியும் எதிர்பார்த்ததே. அதையும் சர்க்கரை 240-ஐயும் கவனிக்க வேண்டும், ஆனால் அடுத்ததாக.

இதில் வரும் ஒவ்வொரு விஷயமும் நாம் பி.எஸ்சி. நர்சிங்கில் படித்ததுதான். தெரியாததால் தப்பு வருவதில்லை, படித்து வைத்திருக்கும் விதத்தால் வருகிறது. வரைவிலக்கணம், காரணங்கள், அறிகுறிகள், சிகிச்சை என்று வரிசையாக ஏழு பக்கம் எழுதி மார்க் வாங்கிப் பழகிய கை நம்முடையது. என்க்ளெக்ஸ் ‘இப்போது எது ஆபத்து, நீ என்ன செய்வாய்’ என்று மட்டும்தான் கேட்கும். பழைய நோட்டை அதே வரிசையில் மறுபடி மனப்பாடம் செய்வதுதான் முதல் தவறு. மாதக்கணக்கில் நேரத்தைத் தின்பதும் அதுதான்.

ரத்தப் பரிசோதனை அளவுகளை எடுத்துக்கொள்வோம். பொட்டாசியம் 3.5 முதல் 5.0, சோடியம் 135 முதல் 145 என்று அட்டவணை போட்டு சுவரில் ஒட்டாதவர் யாரும் இல்லை. சரி, ஒட்டட்டும். ஆனால் கேள்வி இப்படி வரும்: இதயச் செயலிழப்பு உள்ளவர், டிகாக்சினும் (இதய மருந்து) ஃபுரோசமைடும் (சிறுநீரைக் கூட்டும் மருந்து) சாப்பிடுகிறார், இரண்டு நாளாகப் பசியில்லை, குமட்டல், விளக்கைச் சுற்றி மஞ்சள் வட்டம் தெரிகிறது என்கிறார். ஃபுரோசமைடு சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் நச்சுத்தன்மை கூடும். டிகாக்சின் மாத்திரையைக் கொடுப்பதற்கு முன்னால் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்து முழு ஒரு நிமிடம் இதயத் துடிப்பை எண்ண வேண்டும், 60-க்குக் கீழே இருந்தால் நிறுத்தி வைக்க வேண்டும். இவருக்கோ அறிகுறிகளே வந்துவிட்டதால் நாடித்துடிப்பு 72 இருந்தாலும் மருந்தை நிறுத்தி, பொட்டாசியமும் டிகாக்சின் அளவும் பார்த்து, டாக்டருக்குச் சொல்ல வேண்டும். அட்டவணையில் 3.5 என்ற எண் தனியாக நிற்கிறது, நோயாளியிடம் அது இன்னும் நாலு விஷயத்தோடு சேர்ந்து வருகிறது. எண்ணைத் தனியாகப் படித்தவருக்கு இந்தக் கேள்வி புதுசாகத் தெரியும்.

அடுத்தது சூத்திரங்களை நம்புவது. ‘அசெஸ்மென்ட் முதலில்’, அதாவது எதையும் செய்வதற்கு முன் நோயாளியை மதிப்பிடு என்று எல்லாக் கோச்சிங்கிலும் சொல்வார்கள். கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட்டவருக்கு ஒரு மணி நேரமாகச் சிறுநீர் இறங்கவில்லை என்றால், டாக்டருக்கு போன் போடுவதற்கு முன்னால் டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் விடை. அதுவரை சூத்திரம் சரி. ஆனால் தையல் பிரிந்து குடல் வெளியே தெரிகிறது என்று கேள்வியிலேயே சொல்லிவிட்டால், அசெஸ்மென்ட் முடிந்துவிட்டது என்று அர்த்தம். நோயாளியை விட்டு நகராமல் உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும், ஸ்டெரைல் சலைனில் நனைத்த துணியால் மூட வேண்டும். அங்கே போய் ‘வைட்டல்ஸ் (நாடி, ரத்த அழுத்தம் போன்றவை) பார்’ என்ற விடையைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் நிறைய, ஏனென்றால் சூத்திரம் அப்படிச் சொல்கிறது.

நம் வார்டு அனுபவமும் சில இடங்களில் காலை வாரும். நம் ஊரில் ஊட்டிவிடுவது, துடைத்துவிடுவது எல்லாம் நோயாளியோடு கூட இருக்கும் வீட்டார் வேலை. அமெரிக்க வார்டில் அதை உதவிப் பணியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். எதை ஒப்படைக்கலாம், எதைக் கூடாது என்பது தனிப் பாடம். சாப்பாடு ஊட்டச் சொல்லலாம். ஆனால் பக்கவாதம் வந்தவருக்கு விழுங்க முடிகிறதா என்று நர்ஸ் பார்த்து முடிக்கும்வரை சொல்லக்கூடாது. மதிப்பிடுவது, கற்றுக்கொடுப்பது இரண்டையும் அவர்களிடம் தள்ளவே முடியாது. மருந்துப் பெயரும் மாறும்: பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சல்பூட்டமால் ஆல்புடெரால், அட்ரினலின் எபிநெஃப்ரின். ஒரே மருந்து என்று தெரியாமல் கேள்வியை விட்டால் வயிறு எரியும்.

சீனியர் கொடுத்த பழைய மெட்டீரியலில் எச்சரிக்கையாக இருங்கள். 2023 ஏப்ரலில் தேர்வே மாறிவிட்டது. இப்போது குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் 5 மணி. ஒரே நோயாளியின் கதையில் ஆறு கேள்விகள் தொடர்ந்து வரும் கேஸ் ஸ்டடிகள் வந்திருக்கின்றன. பொருந்துவதை எல்லாம் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் முன்பு ஒன்று விட்டாலும் பூஜ்யம். இப்போது சரிக்கு ஒரு மார்க் கூடும், தப்புக்கு ஒன்று குறையும், பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அதனால் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எல்லாவற்றையும் டிக் அடிக்கிற வழக்கம் இப்போது நஷ்டம். அப்புறம், தேர்வில் வந்த கேள்விகள் என்று டெலிகிராமில் சுற்றுகிறவற்றைத் தொடவே தொடாதீர்கள். தேர்வுக் கேள்வியைப் பகிர்வது விதிமீறல், ரிசல்ட்டே ரத்தாகலாம். தவிர, அவற்றில் பாதிக்கு விடையே தப்பு.

‘மூவாயிரம் கேள்வி முடிச்சாச்சு’ என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தப்பான கேள்விகளுக்கு நோட்டு இருக்கிறதா? இருந்தாலும் பெரும்பாலும் அதில் சரியான விடை மட்டும்தான் இருக்கும். தான் ஏன் அந்தத் தப்பு விடையை எடுத்தோம் என்று இருக்காது. விளக்கத்தைப் படிப்பதும் தப்பான கேள்விக்கு மட்டும்; குருட்டாம்போக்கில் சரியானதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னுடைய நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது: ‘சி. டிஃப் (வயிற்றுப்போக்கு தரும் குடல் கிருமி) நோயாளி அறையிலிருந்து வெளியே வந்ததும் ஆல்கஹால் ரப் என்று போட்டேன். வார்டில் தினமும் செய்வதால் கை தானாகப் போனது. அதன் ஸ்போர் (கெட்டி உறைக்குள் இருக்கும் கிருமி) ஆல்கஹாலுக்குச் சாகாது. சோப்பு, தண்ணீர்.’