காலையில் வாசித்த வசனம் மாலை வரை நிற்காதது ஏன்? வேத தியானத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தினமும் வேதம் வாசிக்கிறோம், ஜெபிக்கிறோம். ஆனால் வேலையிடத்தில் ஒரு வாக்குவாதம் வந்தாலோ, வீட்டில் ஒருவர் குரலை உயர்த்தினாலோ, வாசித்தது எதுவும் கைகொடுப்பதில்லை. இதற்கு வாஞ்சை குறைவு என்று தன்னையே நொந்துகொள்பவர்கள் அதிகம். பெரும்பாலும் கோளாறு வாஞ்சையில் இல்லை, வாசிக்கும் விதத்தில் இருக்கிறது. ஒரு வசனம் எந்த இடத்தில், யாருக்குச் சொல்லப்பட்டது என்று பார்க்காமலே அதை எடுத்துக்கொள்கிறோம். எடுத்துக்கொண்டதையும் அன்றைய நாளில் செய்யக்கூடிய ஒரு காரியமாக மாற்றாமல் விட்டுவிடுகிறோம்.

வசனத்தை மட்டும் கத்தரித்து எடுப்பது

"நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற எரேமியா 29:11-ஐ அறியாத விசுவாசி இருக்க முடியாது. வேலை, திருமணம், தேர்வு என எல்லாவற்றுக்கும் அதை வாக்குத்தத்தமாகப் பிடித்துக்கொள்கிறோம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று முழங்கியிருந்தான். எரேமியாவின் கடிதம் சொல்வதோ 70 வருஷம். அதைக் கேட்டவர்களில் பலர் தாய்நாட்டைத் திரும்பப் பார்க்கப்போவதில்லை. அவர்களிடம்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று கர்த்தர் சொல்கிறார் (29:5-7). 11-ஆம் வசனத்தை இந்த வரிகளோடு சேர்த்து வாசித்தால் நம் ஜெபமே மாறிவிடும். "இந்த இடத்திலிருந்து என்னைச் சீக்கிரம் எடுத்துவிடும்" என்று கேட்ட வாய், "இந்த இடத்தில் நான் என்ன நட வேண்டும்" என்று கேட்கத் தொடங்கும்.

இதைவிடச் சிக்கலானது யோபு 8:7. "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இதை எழுதிக்கொடுப்பார்கள். பேசுகிறவர் பில்தாத், பிள்ளைகளையும் ஆஸ்தியையும் இழந்த யோபைப் பார்க்க வந்த நண்பர்களில் ஒருவர். அதே மூச்சில், மூன்று வசனங்களுக்கு முன்னால், யோபின் பிள்ளைகள் தங்கள் பாவத்தால்தான் செத்தார்கள் என்கிற பொருளில் பேசியவர் அவர். புத்தகத்தின் முடிவில் கர்த்தர் எலிப்பாசையும், பில்தாத் உட்பட அவனுடைய இரண்டு நண்பர்களையும் பார்த்து, நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கடிந்துகொள்கிறார் (42:7). யோபின் பின்னிலைமை ஆசீர்வாதமாக இருந்தது உண்மைதான், ஆனால் பாவிக்கு நஷ்டம், நல்லவனுக்கு ஆசீர்வாதம் என்று பில்தாத் சொன்ன கணக்கின்படி அல்ல. அந்தக் கணக்கை நம்பி நடப்பவர், நஷ்டம் வந்தவுடன் "நான் எங்கே பாவம் செய்தேன்" என்று தேடத் தொடங்குவார். அடுத்தவருக்கு நஷ்டம் வந்தால் அவரிடமும் அதையே தேடுவார். வேதத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக எல்லா வரியும் கர்த்தருடைய வாயிலிருந்து வந்த வாக்குத்தத்தம் ஆகிவிடாது. வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்த பிசாசும் 91-ஆம் சங்கீதத்தைத்தான் மேற்கோள் காட்டினான் (மத்தேயு 4:6).

ஆகவே ஒரு வசனத்தைப் பிடித்துக்கொள்ளுமுன் அந்த அதிகாரம் முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள். யார் பேசுகிறார், யாரிடம், எந்த நிலைமையில் என்று கேளுங்கள். அதிகாரம் முடிகிற இடத்தில் பேச்சு முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். இப்போதுள்ள அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-இல் அச்சானவை. 1 கொரிந்தியர் 13-ஐத் திருமணங்களில் தனியாக வாசிக்கிறோம். அதற்கு முன்னும் பின்னும் உள்ள 12, 14 அதிகாரங்கள், யாருடைய வரம் பெரியது என்பதில் முட்டிக்கொண்ட சபையோடு பேசுகின்றன. "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது" என்பதைச் சபைக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போகுமுன் வாசிப்பது இன்னும் பொருத்தம்.

கண்ணை மூடிப் பக்கத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்வதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆறுதலான வரி வரும்வரை மறுபடி மறுபடி திறப்பதில்தான் அது முடியும்.

அடுத்தவருக்கான வசனத்தை நாம் வாசிப்பது

ஒரு பகுதியை வாசிக்கும்போது "இதை அவர் கேட்க வேண்டும்" என்று ஒரு முகம் மனதில் வந்தால், அந்த இடத்தில் தியானம் நின்றுவிட்டது. எபேசியர் 5 இதற்குக் கண்கூடான உதாரணம். கணவருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் 22-ஆம் வசனத்தைக் கணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது மனைவிகளுக்கு எழுதியது. கணவர்களுக்கு எழுதியது 25 முதல் தொடங்குகிறது, அளவும் அதிகம். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல என்பதே அவர்களுக்கு வைத்த அளவுகோல். இரண்டுக்கும் முன்னால் 21-இல், ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்று இருக்கிறது. உங்களுக்கு எழுதிய வரியை மட்டும் நோட்டில் எழுதுங்கள். அடியும் உதையும் இருக்கிற வீட்டில் இந்தப் பகுதியைக் காட்டி ஒருவரை அடக்கிவைப்பது வேதத்தைத் துஷ்பிரயோகம் செய்வது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது அடிபடுகிறவரின் பாதுகாப்பு.

"அன்பாக இருப்பேன்" என்று எழுதி மூடிவிடுவது

பலருடைய தியானம் தோற்பது இங்கேதான். அன்பாயிருப்பேன், பொறுமையாயிருப்பேன், விசுவாசத்தில் வளருவேன் என்று குறிப்பு நோட்டு நிறையும். மாலையில் அது நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

வரி வசூலிப்பவனான சகேயுவைப் பாருங்கள் (லூக்கா 19:8). "மனம் மாறிவிட்டேன்" என்று அவன் சொல்லவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதுக்கு நாலத்தனை, அதாவது நான்கு மடங்கு, என்று தொகையோடு பேசினான். அபகரித்ததைத் தானே ஒத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று எண்ணாகமம் 5:7 சொல்கிறது. சகேயு அதற்கு வெகுதூரம் மேலே போனான்.

உங்கள் தீர்மானத்திலும் மூன்று இருக்கட்டும்: யாரிடம், என்ன, எத்தனை மணிக்குள். "உடன் வேலை செய்கிறவரிடம் நேற்றுச் சொன்ன வார்த்தைக்கு, மதியச் சாப்பாட்டுக்கு முன் மன்னிப்புக் கேட்பேன்" என்பது தீர்மானம். ஒரு நாளைக்கு ஒன்று போதும். மூன்று எழுதினால் மூன்றும் நழுவும். ராத்திரி படுக்குமுன் அந்த வரிக்கு எதிரே செய்தேன் அல்லது செய்யவில்லை என்று எழுதுங்கள். செய்யவில்லை என்றால் மறுநாள் புதிய வசனத்துக்கு ஓடாமல், அதே பகுதியில் இன்னொரு நாள் நில்லுங்கள். மத்தேயு 5:23-24-இல் ஆண்டவர் காணிக்கையையே பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறார். நம் வாசிப்பு அட்டவணை ஒரு நாள் தள்ளிப்போவதில் எந்தக் குறையும் இல்லை.

அட்டவணைக்காக ஓடுவது, கடினமானதைத் தாண்டுவது

66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு மூன்றுக்குச் சற்று அதிகம். ஜனவரி 1 அன்று ஆதியாகமத்தில் தொடங்குகிறவர், சுமார் 23-ஆம் தேதி யாத்திராகமம் 25-இல் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளுக்கு வருவார். மாதம் முடியுமுன் லேவியராகமம். நிறையப் பேர் நிற்பது அங்கேதான். வருஷத்துக்குள் முடித்துத் தீர வேண்டும் என்ற கட்டாயம் வேதத்தில் எங்கும் இல்லை. முழுவதையும் வாசிப்பது வேறு, தியானிப்பது வேறு. தியானத்துக்கு 8 முதல் 15 வசனம் போதும்: ஒருமுறை சாதாரணமாக, மறுமுறை வாய்விட்டு மெதுவாக.

ஆனால் லேவியராகமத்தைத் தாண்டினால் பெரிய நஷ்டம். "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்பது இருப்பது அங்கே, 19:18-இல். அதைச் சுற்றியுள்ள வசனங்களைப் பாருங்கள்: அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கு விடு, கூலிக்காரனுடைய கூலியை விடியும்வரை வைத்திருக்காதே, செவிடனை நிந்திக்காதே, தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கட்டும். பிறனில் அன்புகூருவது என்றால் என்னவென்று அந்த ஒரே அதிகாரம் சம்பளத் தேதிவரை இறங்கிச் சொல்கிறது. சம்பளம் கொடுக்கும் இடத்தில் இருப்பவர் 19:13-ஐ ஒரு வாரம் தியானிக்கலாம்.

துக்க சங்கீதங்களையும் அப்படியே தாண்டிவிடுகிறோம். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்கும் 13-ஆவது நம்பிக்கையில் முடிகிறது. 88-ஆவது இருளிலேயே முடிகிறது. அதுவும் ஜெபமாக வேதத்தில் இருக்கிறது. துக்க வீட்டுக்குப் போகும்போது சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற ரோமர் 8:28-ஐ முதல் வார்த்தையாகச் சொல்லாதீர்கள். ரோமர் 12:15 அழுகிறவர்களுடனே அழச் சொல்கிறது. வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் அதில் அடக்கம்.

நாலைந்து நாள் விட்டுப்போனால், விட்ட பகுதிகளை எல்லாம் ஒரே இரவில் வாசித்துத் தீர்க்க வேண்டாம். தேதி போடாத அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய இடத்தில் ஒரு சீட்டை வையுங்கள். மறுபடி உட்காரும்போது அங்கிருந்து பத்து வசனம் வாசியுங்கள், கடைசியாக எழுதிய தீர்மானம் இன்னும் பாக்கி இருக்கிறதா என்று நோட்டைப் பாருங்கள். பாக்கி இருந்தால் அதுதான் அன்றைய வேலை.