எடிட்டர் திருத்திய வேர்டு கோப்பு: எங்கிருந்து தொடங்குவது?

அனுப்பிய சிறுகதை பக்கமெல்லாம் வண்ணக் கோடுகளோடு திரும்பி வந்தால், முதல்முறை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். பதறாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை விட்டுப்போன ஒற்றும் காற்புள்ளியுமாகத்தான் இருக்கும்.

முதலில் கோப்பை இன்னொரு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு ‘ரிவ்யூ’ பட்டிக்குச் சென்று ‘நோ மார்க்கப்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாத் திருத்தங்களையும் ஏற்றால் கதை எப்படி இருக்குமோ, அப்படித் தெரியும். ஒருமுறை முழுதாகப் படியுங்கள். எனக்குப் பாதிக் கோபம் இங்கேயே தணிந்துவிடும்.

அடுத்து ‘ஆல் மார்க்கப்’. சேர்த்தவை அடிக்கோட்டுடனும் நீக்கியவை குறுக்குக் கோட்டுடனும் தெரியும். எழுத்துரு, பத்தி இடைவெளி மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது வீண் வேலை. ‘ஷோ மார்க்கப்’பில் ‘ஃபார்மட்டிங்’கை மட்டும் விட்டுவிட்டு மற்ற டிக்குகளை எடுங்கள். ‘அக்செப்ட்’ பொத்தானின் அம்புக்குறியை அழுத்தி, ‘அக்செப்ட் ஆல் சேஞ்சஸ் ஷோன்’ கொடுங்கள். முடிந்ததும் டிக்குகளைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

இனிதான் உண்மையான வேலை. கர்சரைக் கதையின் தொடக்கத்தில் வைத்து ‘நெக்ஸ்ட்’டை அழுத்துங்கள். ‘அதை பார்த்தான்’ என்பதில் ஒரு ‘ப்’ சேர்ந்திருக்கிறதா? யோசிக்காமல் ‘அக்செப்ட்’. ஆனால் ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டிருந்தால் கவனம்: வேர்டுக்கு அது இரண்டு திருத்தம், ஒரு நீக்கம், ஒரு சேர்ப்பு. என் கதையில் ‘சுவற்றில்’ என்பதை எடிட்டர் ‘சுவரில்’ என்று மாற்றியிருந்தார். அவசரத்தில் நீக்கத்தை ஏற்று, சேர்ப்பை ‘ரிஜெக்ட்’ செய்துவிட்டேன். சுவரே இல்லாமல் பல்லி அந்தரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே முறை அழுத்துவது நல்லது.

ஒரு திருத்தம் பிடிக்கவில்லையென்றால் சத்தமில்லாமல் ‘ரிஜெக்ட்’ செய்யாதீர்கள். அதற்குத் தடயம் இருக்காது. நீங்கள் மறுத்தது எடிட்டருக்குத் தெரியாமலே போகும். அந்த இடத்தில் ஒரு ‘கமென்ட்’ போட்டுக் காரணத்தை எழுதுங்கள். பாட்டி பேசும் வட்டார வழக்கை எழுத்துநடைக்கு மாற்றியிருந்தால், நான் எப்போதும் வாதாடுவேன். புதிதாக வரி எழுதுவதானால், மாற்றங்களைக் கோடுகளாகப் பதிவுசெய்யும் ‘ட்ராக் சேஞ்சஸ்’ இயக்கத்தில் இருக்கட்டும்.

‘நோ மார்க்கப்’ கோடுகளை மறைக்கும், அவ்வளவுதான், அழிக்காது. அதை நம்பி ‘ஃபைனல்’ என்று பெயரிட்டு அனுப்பினால், எதிர்முனையில் எல்லாம் மறுபடி எழுந்து நிற்கும். அனுப்புமுன் ‘ரிவ்யூயிங் பேன்’ திறந்து, இன்னும் எத்தனை திருத்தம் மிச்சம் என்று எண்ணிக்கையைப் பாருங்கள்.