தொடர்பியல் படிக்க வந்தவர்களுக்கு: முதல் ஆண்டைக் கடக்கச் சில யோசனைகள்

வெளிநாட்டுக்குப் போய்த் தொடர்பியலில் இளநிலைப் பட்டம் படிக்கப் போகிறேன் என்று சொன்னதும் உங்கள் உறவினர்களில் பாதிப் பேர் அதைச் செல்பேசிக் கோபுரம் நிறுத்தும் படிப்பு என்று நினைத்திருப்பார்கள். மீதிப் பேர் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் படிப்பு என்று நினைத்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சேர்ந்து படித்த எனக்கே முதல் பருவம் முடியும்வரை இது என்ன படிப்பு என்று ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. மனிதர்கள் சொல்லாலும் படத்தாலும் மௌனத்தாலும் ஒருவர்மீது ஒருவர் என்ன செய்துகொள்கிறார்கள் என்று ஆராயும் படிப்பு என்று இப்போது சொல்வேன். அதையும் எல்லாத் துறைகளும் ஒப்புக்கொள்ளும் என்று உறுதி தர மாட்டேன்.

ஏனென்றால் ஒரே பெயர்ப்பலகையின்கீழ் வெவ்வேறு படிப்புகள் நடக்கின்றன. அமெரிக்காவில் இத்துறையின் ஒரு முக்கிய வேர் மேடைப் பேச்சில் இருக்கிறது. 1914இல் 17 பேச்சுக்கலை ஆசிரியர்கள் ஆங்கில ஆசிரியர்களின் அமைப்பிலிருந்து பிரிந்து தனிச் சங்கம் கண்டார்கள். இன்றைய தேசியத் தொடர்பியல் சங்கம் அதன் தொடர்ச்சிதான். அங்கே பல பல்கலைக்கழகங்களில் மேடைப் பேச்சு முதல் ஆண்டிலேயே கட்டாயப் பாடமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். ஜெர்மனியில் 1916இல் லைப்சிக் நகரில் கார்ல் பியூஷர் தொடங்கியது செய்தித்தாள்களை ஆராயும் நிறுவனம். பிரிட்டனில் 1964இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உருவான பண்பாட்டு ஆய்வு மையத்தின் தாக்கம் பெரிது. அந்த வழியில் வந்த துறைகளில் வர்க்கம், இனம், அதிகாரம் என்ற சொற்கள் முதல் வாரத்திலேயே காதில் விழும்.

இந்த வரலாறு எனக்கு எதற்கு என்று கேட்டால், கேமராவைத் தூக்கும் கனவோடு சேர்ந்த ஒருவர் மூன்று ஆண்டுகள் கேமராவைத் தொடாமலே பட்டம் வாங்கிவிட முடியும் என்பதற்காகத்தான். பெயரை நம்பாமல் பாடத்திட்டக் கையேட்டை எடுத்து, ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பெண் எதற்குத் தரப்படுகிறது என்று பாருங்கள். கட்டுரையா, தேர்வா, செய்முறையா, வகுப்பில் பேசுவதா? உங்களுக்கு ஒத்துவராத பாடத்தை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு பெரும்பாலும் பருவத்தின் முதல் ஓரிரு வாரங்கள் மட்டுமே இருக்கும். வீடு தேடுவதிலும் வங்கிக் கணக்கு தொடங்குவதிலும் அந்த வாரங்கள் கரைந்துவிடும், கவனம்.

கணக்குக்குப் பயந்து இந்தப் படிப்புக்கு வந்தவர்களுக்கு ஒரு தகவல். ஆய்வு முறைகள் என்ற பாடம் ஏறக்குறைய எல்லா இடத்திலும் உண்டு. அதில் புள்ளியியலும் வரும். அடிப்படை அளவில்தான், ஆனால் வரும்.

வகுப்பறைக்கு வருவோம். விரிவுரையில் நீங்கள் வாயே திறக்காமல் இருந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். பதினைந்து இருபது பேர் வட்டமாக உட்காரும் கலந்துரையாடல் வகுப்பில் அது நடக்காது. பல பாடங்களில் அங்கே பேசுவதற்கே தனி மதிப்பெண் உண்டு. கேட்டால் மட்டும் பதில் சொல்வது பணிவு என்று வளர்ந்தவர்களுக்கு இது கொடுமை. நான் ஆறு வாரம் அருமையான பதில்களை மனத்துக்குள் இலக்கணப் பிழை திருத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். திருத்தி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

எனக்குக் கைகொடுத்தது ஒரே ஓர் உத்தி. வகுப்புக்கு முன்பே ஒரு கேள்வியை எழுதிவைத்து, முதல் பத்து நிமிடங்களுக்குள் அதைக் கேட்டுவிடுவது. பதில் சொல்வதைவிடக் கேள்வி கேட்பது எளிது. கேட்டுவிட்டால் நெஞ்சுப் படபடப்பு அடங்கிவிடும், மீதி நேரம் காது திறந்திருக்கும்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வரும்? வாசிப்பிலிருந்துதான். வாரத்துக்கு நாலைந்து ஆய்வுக் கட்டுரைகள் கொடுப்பார்கள். அவற்றை நாவல் போல முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிக்க முயன்றால் இரண்டாம் வாரமே மூழ்கிவிடுவீர்கள். சுருக்கம், முன்னுரை, முடிவுரை, பிறகு அவர்கள் ஆய்வைச் செய்த விதம். இந்த வரிசையில் போங்கள். உதாரணத்துக்கு, ஊடகங்கள் நம்மை எதைப் பற்றி யோசிக்க வைக்கின்றன என்று பேசும் நிகழ்ச்சிநிரல் கோட்பாடு எல்லோருக்கும் முதல் ஆண்டில் வரும். மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இருவரும் 1972இல் வெளியிட்ட கட்டுரை அது. ஆய்வு நடந்த விதத்தைப் பார்த்தால், 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சாப்பல் ஹில் என்ற ஒரே ஊரில், யாருக்கு வாக்களிப்பது என்று முடிவெடுக்காத 100 பேரிடம் பேசியிருக்கிறார்கள். ஓர் ஊர், 100 பேர், ஆளுக்கொரு செல்பேசி இல்லாத காலம். உங்கள் கேள்வி அங்கேயே கிடைத்துவிட்டது. கோட்பாட்டின் பெயரைக் கண்டு மிரள வேண்டாம். யாரிடம் கேட்டார்கள், எத்தனை பேர், எப்போது என்ற மூன்றையும் பார்த்துவிட்டால் பெரிய பெயர்களும் ஆள் உயரத்துக்கு இறங்கி வருவார்கள்.

உச்சரிப்பு பற்றிய பயம் எல்லோருக்கும் உண்டு. பேச்சுக்கான மதிப்பீட்டு அட்டவணையை ஒருமுறை படித்துப் பாருங்கள். பெரும்பாலும் வாதத்தின் கட்டமைப்பு, தெளிவு, கேட்பவரைப் பார்த்துப் பேசுதல் என்றுதான் இருக்கும். நம்மவர்களுக்கு உண்மையான சிக்கல் வேகம். மெதுவாகப் பேசுங்கள். நீங்கள் மெதுவாகப் பேசுவதாக நினைப்பதைவிட இன்னும் கொஞ்சம் மெதுவாக.

வேகத்தைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. 'குறிப்புகளை அனுப்புங்கள்' என்றால் போதும், 'தயவுசெய்து' தேவையில்லை. ஆங்கிலத்தில் அந்த வால் கிடையாது. அதே வாக்கியத்தை அங்கே கொண்டுபோனால் மொட்டைக் கட்டளைதான் மிஞ்சும். நீங்கள் பணிவாக எழுதியதாக நினைத்த மின்னஞ்சலை ஆசிரியர் அதிகாரமாக வாசிப்பார். நேர்மாறாகவும் நடக்கும். என் கட்டுரை வரைவைப் பார்த்த ஆசிரியர் ஒருவர், இரண்டாம் பகுதியை இன்னும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாமோ என்று எழுதியிருந்தார். யோசித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு செய்து அப்படியே கொடுத்துவிட்டேன். 'இதை அடித்துவிட்டு மறுபடி எழுது' என்பதுதான் அதற்குப் பொருள் என்று மதிப்பெண் வந்தபோது தெரிந்தது.

இதற்கெல்லாம் உங்கள் பாடத்திலேயே விளக்கம் இருக்கிறது. அதில் தமிழும் இருக்கிறது! பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற மொழியியல் ஆய்வாளர்கள் இருவரும் 1978இல் முன்வைத்து 1987இல் தனி நூலாக்கிய பணிவுக் கோட்பாட்டுக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்ட மூன்று முக்கிய மொழிகள் ஆங்கிலம், மெக்சிகோவின் செல்த்தால், தமிழ். அவர்களுடைய மையக் கருத்து 'முகம்'. இதை 1955இல் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்த்தெடுத்தார்கள். பிறர் முன்னால் நமக்குள்ள மதிப்புதான் முகம். பேசும்போது நம் முகத்தையும் எதிராளியின் முகத்தையும் காப்பாற்றிக்கொண்டே பேசுகிறோம் என்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முகதாட்சண்யம், முகத்தில் அடித்தாற்போல் பேசுவது, முகம் கொடுத்துப் பேசாதது என்று பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த அத்தியாயம் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான். சக மாணவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்த அந்த வாரம்தான் நான் வகுப்பில் முதன்முதலாக ஐந்து நிமிடம் தொடர்ந்து பேசினேன்.

வெளியிலிருந்து வந்தவர் என்பதால் உங்களுக்குக் கண்ணில் படுவது உள்ளூர்க்காரர்களுக்குப் படுவதில்லை. இது வெறும் தேறுதல் பேச்சு இல்லை. இத்துறையைக் கட்டியவர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். வாக்காளர்களையும் வானொலி நேயர்களையும் ஆராய்ந்த பால் லாசர்ஸ்ஃபெல்ட் 1933இல் வியன்னாவிலிருந்து அமெரிக்கா வந்தவர். தொலைக்காட்சி வன்முறையை ஆண்டுக்கணக்கில் எண்ணிய ஜார்ஜ் கெர்ப்னர் புடாபெஸ்டில் பிறந்தவர். ஒரே நிகழ்ச்சியைப் பார்வையாளர்கள் ஏற்றும், பாதி ஏற்றுப் பாதி மறுத்தும், எதிர்த்தும் வாசிக்க முடியும் என்று 1973இல் எழுதிய ஸ்டூவர்ட் ஹால் 1951இல் ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்க வந்தவர். ஆகவே ஒரு சிறிய குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வரிசையில் நிற்பவர்கள் எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள், 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் ஏன் போகிறார்கள் என்று வியப்பாக இருப்பதையெல்லாம் அன்றைக்கே எழுதுங்கள். ஓராண்டு போனால் உங்களுக்கும் எல்லாம் பழகிப்போய் எதுவும் கண்ணில் படாது. என் இறுதியாண்டு ஆய்வின் தலைப்பு அப்படி ஒரு குறிப்பேட்டிலிருந்துதான் வந்தது.

ஆனால் கவனித்தது கட்டுரையாகிவிடாது. பள்ளியில் நமக்குக் கற்றுத் தந்த கட்டுரைக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவே இரண்டு மேற்கோள் போதும். என் முதல் கட்டுரையில் தொடர்பு என்றால் என்ன என்று இரண்டு பக்கம் விளக்கினேன். ஓரத்தில் ஒரே வரி வந்தது: உங்கள் வாதம் எங்கே? வாதம் என்றால் யாராவது மறுக்கக்கூடிய வாக்கியம். 'சமூக ஊடகம் மக்களைப் பாதிக்கிறது' என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை; அது வாதமில்லை. 'குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வதந்தியை இளையவர்கள் மறுக்காமல் விடுவது அறியாமையால் அல்ல, அனுப்பிய பெரியவரின் முகத்தைக் காப்பதற்காக' என்றால் சண்டைக்கு ஆள் வரும். அது வாதம். அந்த வாக்கியத்தை முதல் பத்தியிலேயே வையுங்கள். கடைசிப் பக்கத்துக்குச் சேமித்துவைக்க வேண்டாம்.

பிறர் கருத்தை எடுத்தால் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சொல்லியே ஆக வேண்டும். சொந்த வார்த்தையில் மாற்றி எழுதினாலும்கூட. சமூக அறிவியல் சார்ந்த துறைகள் பெரும்பாலும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறையைக் கேட்கும். நண்பரோடு உட்கார்ந்து ஒரே விடையை இருவரும் எழுதுவதும் பல இடங்களில் குற்றம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கான விதி பாடத்துக்குப் பாடம் மாறுகிறது. ஒப்படைப்பு ஒவ்வொன்றுக்கும் உள்ள குறிப்பை வாசியுங்கள், சீனியர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஆசிரியர்கள் வாரத்தில் ஓரிரு மணி நேரம் மாணவர்களுக்கென்றே ஒதுக்கி அறையில் காத்திருப்பார்கள். பெரும்பாலான நாள் யாரும் வருவதில்லை. போங்கள். தொந்தரவு என்று நினைக்க வேண்டாம், அது அவர்கள் வேலை. பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் நாக்கு கூசும். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

பயிற்சிப் பணிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தத் துறையில் சம்பளமில்லாப் பயிற்சியும் துண்டு வேலைகளும் அதிகம். சம்பளம் இல்லை என்பதாலேயே ஒரு வேலை விசா விதிகளுக்கு வெளியே போய்விடாது. பிரிட்டனின் மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. திருமண வீடியோ எடுத்துப் பணம் வாங்குவதுகூட அதில் அடங்கலாம். அமெரிக்காவில் படிப்போடு இணைந்த பயிற்சிக்கு வளாகத்துக்கு வெளியே போவதென்றால் முன் அனுமதி வேண்டும். சேர்ந்த பிறகல்ல, சேர்வதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். எந்த விசாச் சிக்கலும் இல்லாமல் அனுபவம் சேர்க்கப் பெரும்பாலும் ஏற்ற இடம் மாணவர் செய்தித்தாளும் வளாக வானொலியும். முதல் வாரமே பெயர் கொடுத்துவிடுங்கள்.

இறுதியாண்டு ஆய்வுக்குப் பலர் நம் சமூகத்தையே எடுப்பார்கள். நல்லது, ஆனால் சொந்த அத்தையைப் பேட்டி எடுப்பதென்றாலும் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவைப்படும். நீங்கள் உறுப்பினராக இருக்கும் வாட்ஸ்அப் குழு என்பதற்காக அதில் வரும் செய்திகளை எடுத்துப் போட்டுவிட முடியாது. பேட்டி தமிழில் நடந்தால் தமிழிலேயே எழுத்தாக்கி, பிறகு மொழிபெயர்த்து, இரண்டையும் வைத்திருங்கள். 'அவர் சொன்னார்' என்பதற்கும் 'அவன் சொன்னான்' என்பதற்கும் உள்ள வேறுபாடு மொழிபெயர்ப்பில் மறைந்துவிடும். உங்கள் வாதமே அந்த வேறுபாட்டில் இருக்கலாம். அத்தை சம்மதப் படிவத்தைப் பார்த்ததும் 'எதற்கடா கையெழுத்தெல்லாம்' என்று பின்வாங்கினால், குரல் பதிவில் வாய்மொழியாகச் சம்மதம் பெறலாமா என்று விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள். அனுமதி வருவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அது கைக்கு வருவதற்கு முன் எடுத்த பேட்டியைப் பெரும்பாலும் பயன்படுத்த விட மாட்டார்கள், எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும்.