கொல்லம் ஆண்டை மேற்கோள் காட்டுவது எப்படி: என் அனுபவம்

நாகர்கோவில் பக்கத்துக் குளங்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். எங்கள் பகுதி 1949 வரை திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால், பழைய ஆவணங்களில் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். மேற்கோளில் 1099 என்று மட்டும் போட்டால், வெளியூர் வாசகர் சோழர் காலம் என்றே நினைத்துவிடுவார்.

இப்போது ஆவணத்தில் உள்ள ஆண்டை அப்படியே எழுதி, பக்கத்திலேயே சதுர அடைப்புக்குள் ஆங்கில ஆண்டைக் கொடுக்கிறேன். கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக்க, கண்ணை மூடிக்கொண்டு 825ஐக் கூட்டக் கூடாது. கொல்லம் ஆண்டு பிறப்பது ஆகஸ்ட் நடுவில். அதனால் அப்போதிருந்து டிசம்பர் வரை 824ஐயும், ஜனவரி முதல் 825ஐயும் கூட்ட வேண்டும். கர்க்கடகம் (மலையாள ஆண்டின் கடைசி மாதம், நம் ஆடி) 1099 என்றால் 1924. மாதம் தெரியாவிட்டால் 1923-24 என்று இரண்டையும் போட்டுவிடுவேன். ஊகித்து ஒன்றை எழுதுவது நேர்மையில்லை.

அப்புறம், திருவிதாங்கூர் பற்றிய அரசு விவர நூலை 'திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல்' என்று பெயரை மட்டும் எழுதினால் போதாது. நாகம் ஐயாவின் 1906 பதிப்பு மூன்று தொகுதி. வேலுப்பிள்ளையின் 1940 பதிப்பு நான்கு தொகுதி. ஆசிரியர், ஆண்டு, தொகுதி, பக்கம் நான்கும் இருந்தால்தான் படிப்பவர் சரியான பக்கத்தைத் திறப்பார்.

ஆசிரியர் பெயர்களுக்கு, மேற்கோள்களைத் தொகுக்கும் மென்பொருளான ஸோட்டெரோவிலேயே (Zotero) வழி உண்டு. நம் பெயர்களில் குடும்பப் பெயர் தனியாக இல்லாதபோது, ஆசிரியர் பகுதியை ஒற்றைக் கட்டமாக மாற்றி முழுப்பெயரையும் அதிலேயே எழுதிவிடலாம். தகப்பனார் பெயர் முன்னால் வந்து நிற்காது.