சைலன்ட் வேலிக்குப் போகலாமா? தொலைதூரக் காட்டுப் பயணத்தை முடிவு செய்யும் முறை

கேரளத்தில் உள்ள சைலன்ட் வேலிக்கு இரண்டு முறை போய்வந்திருக்கிறேன். முதல் முறை, இவ்வளவு தூரம் வந்தும் ஒன்றையும் பார்க்கவில்லையே என்ற ஏமாற்றத்தில் ஜீப்பில் இருந்த நால்வரும் பேசாமல் இறங்கினோம். இரண்டாம் முறை, கிளம்பும் நேரம் வந்துவிட்டது என்று வழிகாட்டி சொன்னபோது எழுந்துவர மனம் இல்லை. காடும் ஜீப் பாதையும் மாறவில்லை. இரண்டு பயணங்களுக்கும் நடுவில் நான் கேட்கும் கேள்விதான் மாறியிருந்தது. "அந்தக் காட்டில் என்னென்ன இருக்கிறது?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "அதில் எனக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்கத் தொடங்கினேன்.

அந்தக் கேள்விக்கு விடை காணும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். சைலன்ட் வேலியை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் எந்த அடர்காட்டுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். டிக்கெட் எடுப்பது, அறை பிடிப்பது பற்றி எழுதவில்லை.

படி 1: வாசல் எங்கே, எல்லை எதுவரை?

சைலன்ட் வேலி தேசியப் பூங்காவின் பரப்பு 89.52 சதுர கிலோமீட்டர். இந்த எண்ணைப் படித்ததும் அத்தனை காட்டிலும் சுற்றப் போகிறோம் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். கூகுள் எர்த்தைத் திறந்து முக்காலியைத் தேடுங்கள். அட்டப்பாடியில் உள்ள சின்ன ஊர். கோவையிலிருந்து ஆனைகட்டி, அகளி வழியாகவும், பாலக்காட்டிலிருந்து மன்னார்க்காடு வழியாகவும் வரலாம். சொந்த வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிறகு வனத்துறை அனுமதித்த வண்டியில், வழிகாட்டியோடு, ஏறத்தாழ 23 கிலோமீட்டர் போனால் சைரந்திரி. நமக்குத் திறந்திருப்பது அதுவரைதான்.

இப்போது படத்தைச் சற்றுப் பெரிதாக்கிப் பாருங்கள். குந்திப்புழை வடக்கேயிருந்து இறங்கி வருகிறதே, அதன் இரு பக்கமும் விரிந்திருக்கும் அடர்பச்சை முழுவதும் பயணிகளுக்கு மூடியது. மூடியிருப்பதால்தான் அது இன்னும் காடாக இருக்கிறது; அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் முடிவெடுக்கும்போது உங்கள் தட்டில் விழப்போவது அந்த ஒரு பாதையும் அதன் கடைசியில் இருக்கும் ஒரு மேடும்தான் என்று தெரிந்திருக்க வேண்டும். சைரந்திரியிலிருந்து ஆற்றங்கரை வரை நடக்க விடுவார்களா என்பது காலத்துக்குக் காலம் மாறும். கிளம்பும் முன் வனத்துறைக்குத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

படி 2: மணிக்கணக்கு

ஒரு தாளில் இரண்டே எண்களை எழுதுங்கள். ஒன்று, வழியில் போகும் நேரம். இன்னொன்று, கால் தரையில் படும் நேரம்.

என் முதல் பயணத்தின் கணக்கு இது. சென்னையிலிருந்து கோவைக்கு இரவு ரயிலில் 8 மணி நேரம். கோவையிலிருந்து முக்காலிக்கு, சிற்றுண்டி நேரத்தையும் சேர்த்து, 3 மணி நேரம். வண்டிக்குக் காத்திருந்தது 1 மணி நேரம். திரும்ப 11 மணி நேரம். ஆக 23. காட்டுக்குள் இருந்தது 5 மணி நேரம். அதில் 3 மணி நேரம் குலுங்கும் ஜீப்பில் போயிற்று. மிஞ்சியது இரண்டு மணி நேரம். இதைக் கிளம்பும் முன்பே எழுதிப் பார்த்திருந்தால் அப்படி ஒரே நாளில் ஓடிப்போய் ஓடிவந்திருக்க மாட்டேன்.

தரையில் கால் படும் நேரம் வழிநேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்தால், ஓர் இரவாவது சேருங்கள். முடியாது என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்பது என் கருத்து. இரண்டாம் முறை முக்காலிப் பக்கத்தில் இரண்டு இரவு தங்கினேன். அங்கே ஓடுவது பவானி. நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் இறங்கி, முக்காலி அருகே திரும்பி மறுபடி தமிழ்நாட்டுக்கு வரும் அதே ஆறு. காலை ஆறரை மணிக்கு அதன் கரைச் சாலையில் நடந்தபோதே, முதல் பயணம் முழுவதிலும் பார்த்ததைவிட அதிகமான பறவைகளைப் பார்த்துவிட்டேன்.

படி 3: பட்டியலில் இருப்பதும் கண்ணுக்குத் தெரிவதும்

என்னை இடறியது இந்தப் படிதான். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

புலி, சிறுத்தை, யானை, காட்டெருது, சிங்கவால் குரங்கு என்று சைலன்ட் வேலியைப் பற்றிய பக்கங்களில் பட்டியல் இருக்கும். அதில் பொய் எதுவும் இல்லை. அவை எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆனால் நீங்கள் பார்ப்பீர்களா என்பதைக் காட்டின் வகைதான் சொல்லும்.

சைலன்ட் வேலி பசுமைமாறாக் காடு. மரங்களின் உச்சிகள் ஒன்றோடொன்று பின்னிக் கூரை வேய்ந்ததுபோல் நிற்கும். வெயில் தரைக்கு வருவதே அரிது. தரையில் புல் வளராது. புல் இல்லாத இடத்தில் மான் கூட்டங்களை எதிர்பார்க்க முடியாது. பூ, காய், கனி, பூச்சி என்று தீனி பெரும்பாலும் தலைக்கு மேலே இருப்பதால், உயிர்களும் மேலேயே குடியிருக்கின்றன. பாதை ஓரத்தில் நின்று பார்த்தால் சில அடிகளுக்கு அப்பால் இலைச் சுவர். பத்தடி தள்ளி யானை நின்றாலும் அதன் உறுமல் கேட்குமே தவிர உருவம் தெரியாது.

முதுமலையும் கர்நாடகத்தின் கபினியும் இதற்கு நேர்மாறு. அவை பெரும்பாலும் இலையுதிர் காடுகள். கோடையில் இலை உதிர்ந்து காடு திறந்துகொள்ளும். நீர் வற்ற வற்ற விலங்குகள் மிஞ்சிய நீரைத் தேடி வரும். யானையையும் காட்டெருதையும் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் அங்கே போங்கள். சைலன்ட் வேலிக்கு வேண்டாம். சிங்கவால் குரங்கை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் வால்பாறைக்குப் போங்கள். புதுத்தோட்டம் பகுதியில் அவை மனிதர்களுக்குப் பழகிவிட்டன, சாலையோரத்திலேயே பார்க்கலாம். தயவுசெய்து தின்பதற்கு எதையும் கொடுக்காதீர்கள். வண்டியை ஓரங்கட்டி, தள்ளி நின்று பாருங்கள்.

பறவைகளுக்கு நான் நம்புவது, பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிந்து வைக்கும் இ-பேர்ட் (eBird) தளம் ஒன்றைத்தான். சமூக ஊடகப் படங்களை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. ஒரு நல்ல படத்துக்குப் பின்னால் எத்தனை வெறும் நாள்கள் என்பதை அவை சொல்வதில்லை. இ-பேர்ட்டில் இடத்தைத் தேடி, ஒவ்வொரு பறவையும் எந்த மாதத்தில் எவ்வளவு அடிக்கடி பதிவாகிறது என்று காட்டும் பட்டைகளைப் பாருங்கள். நீங்கள் போகும் மாதத்தில் பட்டை தடிமனாக இருந்தால் பார்க்க வாய்ப்பு அதிகம்.

இங்கேதான் நான் தவறினேன். பட்டியலில் தவளைவாயன் என்ற பெயரைப் பார்த்ததும் அதற்காகவே நாள் குறித்தேன். அது இரவுப் பறவை. பகலில் காய்ந்த இலைக்கொத்துப் போலக் கிளையில் உட்கார்ந்திருக்கும். இடம் தெரிந்தவர் விரல் நீட்டிக் காட்டினாலொழிய கண்ணில் படாது. அந்தப் பதிவுகளைத் திறந்து பார்த்தபோதுதான், உள்காட்டு முகாம்களில் தங்கிக் கணக்கெடுத்த குழுவினர் எழுதியவை அவை என்று புரிந்தது. பகலில் வந்து பகலிலேயே திரும்பும் நமக்கு அந்தப் பதிவால் பயனில்லை. ஆகவே பட்டையோடு நிற்காதீர்கள். நான்கைந்து தனிப் பதிவுகளைத் திறந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எங்கே என்று பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் சைரந்திரியில் எழுதிய பதிவுதான் உங்களுக்கு உதவும்.

படி 4: மாதம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். மலைப்பாதையில் மண் சரியும், அட்டைகளும் பெருகும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்லது. அட்டைக்கு உப்பு, புகையிலைத் தூள் என்று பலரும் சொல்வார்கள். முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவுள்ள அட்டைக் காலுறையைத்தான் நான் சொல்வேன். மழையில் நனைந்தால் தூள் கரைந்துவிடும், காலுறை கரையாது.

கோடையில் காட்டுத் தீ அபாயம் இருந்தால் எந்த மாநிலத்திலும் நடைபாதைகளை மூடுவார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இறந்ததை நாம் யாரும் மறக்கக் கூடாது. அனுமதி இல்லாத வழியில் அழைத்துப் போகிறேன் என்று யார் சொன்னாலும், எவ்வளவு நல்ல இடமானாலும், போகாதீர்கள்.

படி 5: கூட வருபவர்கள்

இரண்டாம் முறை அம்மாவும் வந்தார். மூட்டு வலி உள்ளவர். ஜீப்பின் குலுக்கலை இரண்டு தலையணைகளோடு சமாளித்தார். சைரந்திரியில் உள்ள உயரமான பார்வைக் கோபுரத்தில் ஏற முடியவில்லை. கீழே மர நிழலில் உட்கார்ந்துகொண்டார். நான் இறங்கி வந்தபோது, சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கையைக் கேட்டுவிட்டு, "யாரோ பையன் பாட்டு மறந்துபோய் மறுபடி மறுபடி ஆரம்பிக்கிறான்" என்றார். அவருக்கு அந்தப் பயணம் பிடித்திருந்தது. பிடிக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். வீட்டு மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் சும்மா உட்காரக் கூடியவர். உங்களோடு வருபவரால் கைபேசி இல்லாமல் ஒரு மணி நேரம் இருக்க முடியுமா என்று யோசியுங்கள். உள்ளே போனபின் சிக்னல் கிடைக்காது.

படி 6: ஒரு விலங்கும் தெரியாவிட்டால்?

கடைசியாக இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பெரிய விலங்கு ஒன்றுகூடக் கண்ணில் படாது என்று வைத்துக்கொண்டு, அப்படியும் போக ஒரு காரணம் இருந்தால் எழுதுங்கள்.

எனக்கு இரண்டு இருந்தன. ஒன்று, சைரந்திரி என்ற இடமே. குந்திப்புழையின் குறுக்கே நீர்மின் திட்டத்துக்காக அணை எழும்ப இருந்தது அங்கேதான். 1970களின் பிற்பகுதியில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கமும் கவிஞர் சுகதகுமாரியும் இன்னும் பலரும் எதிர்த்து நின்றார்கள். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. கோபுரத்தில் நின்று பார்க்கும்போது, இந்தப் பள்ளத்தாக்கில் எவ்வளவு நீருக்கடியில் போயிருக்கும் என்று கண்ணால் அளக்க முடிகிறது.

இன்னொன்று வெடிபலா என்ற மரம். இரண்டாம் பயணம் மார்ச் மாதத்தில். ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, வழிகாட்டி இறங்கிப் பாதையிலிருந்து ஒரு பூவை எடுத்துத் தந்தார். பழுப்பு கலந்த மஞ்சள் நிறம். இதழே கிடையாது, சதைப்பற்றுள்ள சிறு குழல் மாதிரி இருந்தது. ஒரு பக்கம் கடித்த தடம் ஈரமாக இருந்தது. அவர் தரையைக் காட்டினார்: பாதை முழுவதும் அப்படிக் கடித்துப் போட்ட பூக்கள். "இப்போது மேலே பாருங்கள்" என்றார். மூன்று நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு கிளை மட்டும் ஆடியது. கறுத்த உடலும் நரைத்த பிடரியும் ஒரு நொடி வெளிச்சத்துக்கு வந்து மறைந்தன. சிங்கவால் குரங்கு. வால்பாறையில் இதைவிட நூறு மடங்கு தெளிவாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது எதைத் தின்கிறது, எந்த மரத்தை நம்பி வாழ்கிறது என்பதைக் கையில் வைத்துப் பார்த்தது இங்கேதான்.

எழுத ஒரு காரணமும் வரவில்லை என்றால் இந்த ஆண்டு போக வேண்டாம்.

பையில் என்ன?

பெரிய லென்ஸ் வேண்டாம். 8×42 இருநோக்கி (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) ஒன்று போதும். சட்டைப்பையில் அடங்கும் 10×25 வகையை வாங்காதீர்கள். அடர்காட்டின் மங்கலில் அதன் சின்னக் கண்ணாடி போதிய வெளிச்சத்தை வாங்காது, பெரிதாக்கும் அளவு கூடுவதால் கை நடுக்கமும் கூடித் தெரியும்.

பின்சேர்க்கை 1: ஓண விடுமுறையில் போன வாசகர் ஒருவர், பதினோரு மணிக்கு முக்காலி சேர்ந்தபோது அன்றைய வண்டிகள் எல்லாம் நிரம்பிவிட்டன என்று எழுதியிருந்தார். உள்ளே விடும் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. வார நாளில் போங்கள். முன்பதிவு செய்து, முதல் வண்டிகளுக்கே அங்கே இருங்கள்.

பின்சேர்க்கை 2: ஏழு வயது மகளோடு போன ஒருவருக்கு ஜீப் பாதையில் பாதி வழியிலேயே குழந்தையின் வாந்தியால் பயணம் கெட்டுவிட்டது. படி 5இல் இதை நான் எழுதியிருக்க வேண்டும். குழந்தையைப் பின்பக்கக் குறுக்கு இருக்கையில் உட்கார வைக்காமல், முன்னே பார்க்கும் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றோடும் ஏற்ற வேண்டாம். இரண்டு இட்லி போதும், பூரி வேண்டாம்.